மனசுக்காக வாதாடிய வக்கீல்கள்

1998 ஜூன் 29 தேதியிட்ட டைம் பத்திரிகையின் அட்டையில் நான்கு பெண்களின் முகங்கள். முதல் மூன்றும் கறுப்பு வெள்ளை: பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சூசன் பி. ஆந்தணி, அமெரிக்க இல்லத்தரசியின் மூச்சுமுட்டலைப் புத்தகமாக எழுதிய பெட்டி ஃப்ரீடன், எழுபதுகளில் பெண்கள் இயக்கத்தின் முகமாக நின்ற குளோரியா ஸ்டைனம். நான்காவது முகம் மட்டும் வண்ணத்தில். அது ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் திங்கள்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒளிபரப்பான தொடரின் கற்பனைக் கதாநாயகி, இளம் வக்கீல் ஆலி மெக்பீல். அட்டை கேட்ட கேள்வி: பெண்ணியம் செத்துவிட்டதா?

அதே நாட்களில், ஜூன் 26 வெள்ளிக்கிழமை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. ஃப்ளோரிடாவின் போகா ரட்டோன் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பெண் தொடுத்த வழக்கு ஒன்று. பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த பெண் தொடுத்தது இன்னொன்று. இரண்டிலும் நீதிமன்றம் சொன்னது இது: மேலதிகாரி பாலியல் தொல்லை கொடுத்தால் அதற்கு முதலாளியும் பொறுப்பு. தடுக்கவும் திருத்தவும் தக்க ஏற்பாடு செய்திருந்தேன், ஊழியர்தான் அதைப் பயன்படுத்தத் தவறினார் என்று, சில வழக்குகளில் மட்டும், முதலாளி நிரூபித்துத் தப்பலாம். இன்று அமெரிக்க அலுவலகங்களில் இருக்கும் புகார் நடைமுறைகளுக்குப் பின்னால் அந்த இரண்டு தீர்ப்புகளும் இருக்கின்றன. அட்டைப்படத்தையும் தீர்ப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆலி மெக்பீல் என்ற தொடர் எதைப் பற்றியது என்பது புரியும். ஏனென்றால் அதன் கதையே வேலையிடத்தில் நடக்கும் பாலியல் தொல்லையிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் எபிசோடு 1997 செப்டம்பர் 8 அன்று வந்தது. பாஸ்டனில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ஆலி வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்பவன் ஒருவன் அவள் பின்புறத்தைப் பிடிக்கிறான். புகார் கொடுக்கிறாள். எனக்கு ஓ.சி.டி. இருக்கிறது, கையை அடக்க முடியாதது என் நோய், மாற்றுத்திறனாளிகளைக் காக்கும் சட்டப்படி என்னை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்று அவன் பதில் சொல்கிறான். நிறுவனம் கையைப் பிசைகிறது. கடைசியில் வேலையை விட்டுப் போவது ஆலிதான்.

தெருவில் பழைய சட்டக் கல்லூரித் தோழன் ரிச்சர்ட் ஃபிஷ் எதிர்ப்படுகிறான். பணத்துக்காகத்தான் வக்கீலானேன் என்று பூசி மெழுகாமல் சொல்பவன். கேஜ் அண்ட் ஃபிஷ் என்ற தன் நிறுவனத்துக்கு அவளை அழைக்கிறான். புது ஆபீஸில் காலடி வைத்ததும் அவள் கண்ணில் படுவது பில்லி. சிறுவயதிலிருந்து காதலித்தவன். அவனுக்காகவே அவள் ஹார்வர்டில் சட்டம் படிக்கப் போனாள். அவனோ பாதியில் மிச்சிகனுக்கு மாறிப் போய்விட்டான். இப்போது அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. மனைவி ஜார்ஜியாவும் வக்கீல். அவளை வெறுத்துவிட்டால் ஆலிக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். முடியவில்லை. ஜார்ஜியா நல்லவள்.

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு அநியாயம் நடந்துவிட்டது. ஒன்றுக்குச் சட்டத்தில் பெயர் உண்டு, பிரிவு உண்டு, ஆனாலும் நீதி கிடைக்கவில்லை. இன்னொன்றுக்குப் பெயரே இல்லை. உன்னை விட்டுப் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டவன் மீது எந்த கோர்ட்டில் வழக்குப் போடுவது? தொடரின் ஐந்து சீசன்களும் 112 எபிசோடுகளும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் அலைகின்றன. குட்டைப் பாவாடை போட்ட வக்கீலின் காதல் கூத்து என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. பெண்ணினத்துக்கு இழுக்கு என்று கோபப்பட்டவர்கள் உண்டு. சட்டத்தின் காதில் விழாத துயரத்தை எப்படியாவது ஒரு நீதிபதியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்ற தவிப்புதான் இந்தத் தொடரின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தவிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் தொடரை உருவாக்கிய டேவிட் இ. கெல்லியிடம் போய் நிற்போம். அப்பா ஜாக் கெல்லி புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர். மகன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஹாக்கி அணிக்குத் தலைவனாக இருந்தார். பிறகு பாஸ்டனில் சட்டம் படித்து அங்கேயே வக்கீல் தொழில் செய்தார். வேலைக்கு நடுவே எழுதிய திரைக்கதை 1987இல் படமானது. தயாரிப்பாளர் ஸ்டீவன் போச்கோ அவரை வக்கீல்களைப் பற்றிய எல்.ஏ. லா தொடருக்கு எழுதக் கூட்டிக்கொண்டார். அதன் பிறகு கோர்ட் வாசலை அவர் மிதித்தது எழுத்தில்தான்.

வக்கீல்கள் குறிப்பெடுக்கும் மஞ்சள் தாளில், கையால்தான் கெல்லி எழுதுவார். பெரிய எழுத்தாளர் கூட்டத்தை வைத்துக்கொண்டு தொடர் எழுதுவது ஹாலிவுட் வழக்கம். அவரோ எபிசோடுகளில் பெரும்பாலானவற்றைத் தாமே எழுதினார். அதுவும் ஒன்றல்ல, ஒரே காலத்தில் இரண்டு தொடர். 1997 மார்ச்சில் ஏ.பி.சி.யில் தி பிராக்டிஸ். அதிலும் பாஸ்டன் வக்கீல்கள்தான், ஆனால் கொலையும் குற்றமும் மனசாட்சியும் நிறைந்த இருட்டு. ஆறு மாதத்தில் ஃபாக்ஸில் ஆலி. 1998 ஏப்ரல் 27 அன்று ஒரே இரவில் ஒரு கதையை ஆலியில் தொடங்கி, அடுத்த மணி நேரம் போட்டிச் சேனலில் தி பிராக்டிஸில் முடித்தார். 1999 எம்மி விழாவில் சிறந்த நாடகத் தொடர் விருது தி பிராக்டிஸுக்கு. சிறந்த நகைச்சுவைத் தொடர் விருது ஆலிக்கு. ஒரே ஆண்டில் இரண்டையும் வாங்கிய முதல் தயாரிப்பாளர் அவர். ஒரு மணி நேரத் தொடர் ஒன்று நகைச்சுவைப் பிரிவில் வென்றதும் அதுவே முதல் முறை. அதுவரை நகைச்சுவை என்றால் அரை மணி நேரம் என்றுதான் அமெரிக்கத் தொலைக்காட்சி பழகியிருந்தது.

ஆலியின் தலைக்குள் நடப்பதையெல்லாம் நாமும் பார்க்கிறோம். மனசு புண்பட்டால் நெஞ்சில் நிஜமாகவே அம்புகள் வந்து தைக்கும். காதலன் கைவிட்டால் அவள் குப்பைத் தொட்டியில் போய் விழுவாள். முதல் எபிசோடிலேயே அவளும் பில்லியும் ஒரு காபிக் கோப்பைக்குள் மிதக்கிறார்கள். கிராஃபிக்ஸ் என்றால் டைனோசர், விண்கலம் என்றிருந்த காலத்தில், ஒரு பெண்ணின் சங்கடத்தைக் காட்ட அதைப் பயன்படுத்தியது புதுசு. 1998 ஜனவரியில் வந்தது அந்த ஆடும் குழந்தை. 1996இலிருந்தே ஈமெயிலில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த, டயப்பர் கட்டிய கம்ப்யூட்டர் பொம்மை. ஆலியின் வீட்டு இருட்டில் அது தோன்றி ஆடுகிறது. வயது ஏறுகிறது, குழந்தை எப்போது என்று கேட்கும் உள்குரலுக்கு இதைவிட விநோதமான உருவத்தை யாரும் கொடுத்துவிட முடியாது. பார்த்துச் சிரித்த அதே நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது என்று சொல்லும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்புறம் பாட்டு. ஆபீஸுக்குக் கீழே ஒரு பார். வேலை முடிந்ததும் எல்லோரும் அங்கே இறங்கிவிடுவார்கள். பியானோ முன்னால் பாடகி வாண்டா ஷெப்பர்ட் பாடுவார். நம் படங்களின் பின்னணிப் பாடகி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, நாயகி நெஞ்சில் இருப்பதை அவள் கண்ணெதிரே பாடினால் எப்படி இருக்கும், அப்படி. ட்ரேசி உல்மன் நடித்த மனநல மருத்துவர், உனக்கென்று ஒரு பாட்டைத் தேர்ந்தெடு, மனசு தளரும்போது அதைத் தலைக்குள் ஓடவிடு என்று ஆலிக்குச் சொல்கிறாள். விளையாட்டாகத் தெரியும், ஆனால் நம்மில் எத்தனை பேர் இன்டர்வியூவுக்குப் போகும்போது ஒரு பாட்டை மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போயிருக்கிறோம். இத்தனை பாட்டுகளின் உரிமைச் சிக்கல்தான் அமெரிக்காவில் தொடர் முழுவதும் டிவிடியாக வர 2009 வரை காத்திருக்க வைத்தது.

அந்தப் பாட்டு வைத்தியம் முழுசாகப் பலித்தது ஜான் கேஜுக்கு. என்னைப் பொறுத்தவரை தொடரின் மிகச் சிறந்த படைப்பு அவன்தான். நிறுவனத்தின் பங்குதாரன், குள்ளமானவன், கூச்சம் பிடுங்கித் தின்கிறவன். பதற்றத்தில் மூக்கு விசிலடிக்கும். நாக்கு திக்கும். வீட்டில் ஒரு தவளை வளர்க்கிறான். அவனால் கோர்ட்டில் ஜெயிக்க முடிகிறது, ஒரு பெண்ணை இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்க முடியவில்லை. ஆணும் பெண்ணும் பொதுவாகப் புழங்கும் அந்த ஆபீஸ் கழிவறையில், கண்ணாடி முன்னால் நின்று, பாடகர் பேரி வைட்டின் குரலைத் தலைக்குள் வரவழைத்துக்கொண்டு ஆடத் தொடங்குவான். ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்வார்கள். பீட்டர் மேக்நிக்கல் இந்தப் பாத்திரத்தை ஒரு நொடிகூடக் கேலிப்பொருளாக்கவில்லை. 2001இல் அவருக்கு எம்மி கிடைத்தது.

இனி வழக்குகளுக்கு வருகிறேன். ஆலி மெக்பீலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் மறப்பது இவற்றைத்தான்.

ஒற்றைக் கொம்புக் குதிரையைப் பார்த்தேன் என்று சொன்னதற்காக ஒருவனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஆலி வழக்கை எடுக்கிறாள். காரணம், சின்ன வயதில் அவளும் பார்த்திருக்கிறாள். இதை இங்கே யார் நம்புவார்கள்? கோர்ட்டில் கேட்கப்படுவது வேலை நீக்கம் சரியா தவறா என்பது. கூண்டில் நிற்பவன் உள்ளூரக் கேட்பது வேறு: அதிசயத்தை நம்புகிறவனுக்கு இந்த ஊரில் ஒரு மேசையும் நாற்காலியும் உண்டா?

இரண்டாவது சீசனில் இரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுவன் கடவுள் மீது வழக்குப் போட வேண்டும் என்கிறான். சிறுவனாக நடித்தவர் ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட். தி சிக்ஸ்த் சென்ஸ் படத்தால் உலகம் அவரை அறிந்துகொள்ளச் சில மாதங்கள் முன்பு. அந்த வழக்கைக் கையில் எடுப்பவள் லிங் வூ. ஆபீஸிலேயே ஈரமில்லாதவள் என்று பேர் வாங்கியவள். கடவுளுக்கு சம்மன் அனுப்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும், பையனுக்கும் ஏறக்குறையத் தெரியும். ஆனாலும் அவன் புகாரை ஒரு வக்கீல் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். எனக்கு ஏன் இப்படி நடந்தது என்று கேட்கிற குழந்தைக்குப் பெரியவர்கள் பேச்சை மாற்றித்தானே பழக்கம்.

இன்னொன்று முதல் சீசனில், 1997 டிசம்பரில் வந்தது. பாலியல் தொழிலில் இருக்கும் இளம் திருநங்கை ஸ்டெஃபனிக்காக ஆலி வாதாடுகிறாள். மனநிலை சரியில்லை என்று சொன்னால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்பது சட்டம் காட்டும் வழி. நான் பைத்தியமில்லை என்கிறாள் ஸ்டெஃபனி. வில்சன் குரூஸ் அந்தப் பாத்திரத்தை அத்தனை கண்ணியமாக நடித்தார். எபிசோடின் இன்னொரு இழையில் ரிச்சர்ட் ஃபிஷின் மாமா செத்துப்போகிறார். குள்ளமானவர்களைக் கண்டாலே ஆகாத மனுஷன். இரங்கல் கூட்டத்தில் அந்த வெறுப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறான் ரிச்சர்ட். தேவாலயத்தில் ஒரு பாடகர் குழு குள்ளர்களைப் பற்றிய பாட்டை உற்சாகமாகப் பாடுகிறது. விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்டெஃபனி கொலையாகிவிடுகிறாள். ஒருவரின் பிறப்பை வெறுப்பது என்றால் என்ன என்பதை ஒரே எபிசோடு இரண்டு விதமாகக் காட்டியது. 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் திருநங்கை என்றால் பெரும்பாலும் நக்கலுக்கான ஆள். கெல்லி அவளை வக்கீலின் கட்சிக்காரராக, தோழியாகக் கொண்டுவந்தார். கடைசியில் அவளைச் சாகடித்தது ஏன் என்ற கேள்வியை இன்றைய பார்வையாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

பாவாடை விவகாரத்துக்கு கெல்லியின் பதிலும் கோர்ட் வழியாகவே வந்தது. டைம் அட்டை வந்த சில மாதங்களில், இரண்டாவது சீசனில், ஆலியின் பாவாடை மிகவும் குட்டை என்று நீதிபதி கண்டிக்கிறார். அவள் பணிய மறுக்க, நீதிமன்ற அவமதிப்பு என்று உள்ளே தள்ளுகிறார். வேறொரு இடத்தில், கனவுக் காட்சி ஒன்றில், ஒரு பெண் அவளிடம் வந்து, நீ இனி எல்லோருக்கும் முன்மாதிரி என்று அறிவித்து எப்படி உடுக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று அடுக்குவாள். ஆலிக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் கோபம் நியாயமானது. ஆண் வக்கீல்கள் எத்தனை பேர் தொலைக்காட்சியில் காதலில் சறுக்கி விழுந்தார்கள். ஆணினம் செத்துவிட்டதா என்று எந்தப் பத்திரிகையும் அட்டை போடவில்லை.

ஆனால் தொடர் மீது சொல்ல வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. அது கதாபாத்திரத்தின் உடையைப் பற்றியதல்ல, நடித்தவர்களின் உடலைப் பற்றியது. 1998 எம்மி விழாவுக்குப் பிறகு, ஆலியாக நடித்த கலிஸ்டா ஃப்ளாக்ஹார்ட்டின் ஒல்லி உடம்பைப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் மென்று துப்பின. ஜார்ஜியாவாக நடித்த கோர்ட்னி தோர்ன்-ஸ்மித் 2000இல் விலகிய பிறகு, மெலிந்தே இருக்க வேண்டும் என்ற நெருக்கடி தன்னை என்ன செய்தது என்று வெளிப்படையாகப் பேசினார். அதே ஆபீஸின் இன்னொரு வக்கீல் நெல் போர்ட்டராக நடித்த போர்ஷியா டி ரோஸ்ஸி 2010இல் எழுதிய தன்வரலாற்றில், அந்தப் படப்பிடிப்புக் காலத்தில் உணவை வெறுத்துத் தன்னைப் பட்டினி போட்டுக்கொண்ட கதையை முழுசாகச் சொல்லியிருக்கிறார். வேலையிடத்தில் பெண்ணுடல் படும் பாட்டைப் பற்றிப் பேசிய தொடரின் செட்டிலேயே அது நடந்துகொண்டிருந்தது. அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு நெல் வரும் காட்சிகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

லிங் பற்றியும் ஒரு வார்த்தை. லூசி லியு முதலில் நெல் பாத்திரத்துக்குத்தான் தேர்வுக்குப் போனார். அது கிடைக்கவில்லை, அவர் நடிப்பைப் பார்த்த கெல்லி அவருக்காகவே புதுப் பாத்திரம் எழுதினார். உறுமிக்கொண்டு வரும் லிங் முதலில் கட்சிக்காரராகத்தான் நுழைகிறாள்: ஆபாசமாகப் பேசும் ரேடியோ அறிவிப்பாளர் மீது, உன் பேச்சால்தான் என் வேலையிடத்தில் ஆண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று வழக்கு. ஆசியப் பெண்ணென்றால் சூழ்ச்சிக்காரி, மயக்குக்காரி என்ற பழைய அச்சில் வார்த்தது என்று ஆசிய அமெரிக்கர்கள் பலர் கண்டித்தார்கள். கண்டனத்தில் நியாயம் உண்டு. அந்த வார்ப்புக்குள் நின்றுகொண்டே, கடவுள் மீது வழக்குப் போட வந்த சிறுவனின் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்ணை லூசி லியு உருவாக்கினார் என்பதும் உண்மை.

மூன்றாவது சீசனில் பில்லி மாறிப்போகிறான். பெண்களை மட்டம் தட்டிப் பேசுகிறான், மனைவி விலகுகிறாள். பிறகுதான் தெரிகிறது, மூளையில் கட்டி. 2000 மார்ச்சில் வந்த எபிசோடில் அவன் கோர்ட்டில் இறுதி வாதம் செய்கிறான். பேசப் பேச நினைவு தடம் புரண்டு, கல்யாண வாழ்க்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். அவன் மனசில் அப்போது மனைவியாக இருப்பவள் ஆலி. சொல்லிக்கொண்டே சரிந்து விழுந்து இறந்துபோகிறான். முதல் எபிசோடில் எந்தக் காதலுக்கு வழக்குப் போட இடமில்லாமல் இருந்ததோ, அது நீதிபதி முன்னால், சாட்சிகள் முன்னால், வாக்குமூலமாகப் பதிவாகிவிட்டது. அதைக் கேட்க வேண்டியவளும் கேட்டுவிட்டாள். தொடரின் உச்சம் அதுதான்.

அதற்குப் பிறகும் ஒரு நல்ல ஆண்டு மிச்சமிருந்தது. 2000 ஆகஸ்டில் சிறையிலிருந்து வெளிவந்த ராபர்ட் டௌனி ஜூனியர், நான்காவது சீசனில் லேரி பால் என்ற வக்கீலாக வந்தார். ஆலியின் கிறுக்குத்தனத்துக்குச் சரிக்குச் சரியாகப் பேசக்கூடிய முதல் ஆண். இருவரும் பேசும் காட்சிகளில் வசனம் எழுதப்பட்டதாகவே தோன்றாது. 2001 ஜனவரியில் டௌனிக்கு கோல்டன் குளோப். சீசன் முடிவில் ஆலிக்கும் லேரிக்கும் கல்யாணம் என்று திட்டம். ஏப்ரலில் அவர் மறுபடி போதை வழக்கில் கைதானார், தொடரிலிருந்து நீக்கினார்கள். கெல்லி கடைசி நேரத்தில் கதையை மாற்றினார். கல்யாணம் என்ற தலைப்பு மட்டும் அப்படியே நின்றது. மணமகன் இல்லாத அந்த எபிசோடில், பள்ளி விழாவுக்குத் துணையில்லாமல் தவிக்கும் பையனாக ஒரு புதுப் பாடகரை நடிக்க வைத்தார்கள். ஜாஷ் குரோபன் பாடி முடித்ததும் யார் இந்தப் பையன் என்று அமெரிக்கா கேட்டது. அதே ஆண்டு அவருடைய முதல் ஆல்பம் வந்தது.

ஐந்தாவது சீசனில் புதுமுகங்கள் நிறையச் சேர்ந்தார்கள், பார்வையாளர்கள் குறைந்தார்கள். முன்பு தானமாகக் கொடுத்த கருமுட்டையிலிருந்து பிறந்த மகள் மேடி திடீரென்று ஆலியின் வாசலில் வந்து நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்காக ஆலி பாஸ்டனை விட்டு நியூயார்க் கிளம்புவதோடு 2002 மே 20 அன்று தொடர் முடிந்தது. கணவனைத் தேடியவளுக்கு மகள் கிடைத்தாள் என்பது நல்ல முடிவுதான். ஆனால் அவசரமாகச் சொல்லப்பட்ட முடிவு.

75ஆவது எம்மி விழா 2024 ஜனவரி 15 அன்று நடந்தபோது கலிஸ்டா ஃப்ளாக்ஹார்ட், ரிச்சர்டாக நடித்த கிரெக் ஜெர்மன், பீட்டர் மேக்நிக்கல், பில்லியாக நடித்த கில் பெல்லோஸ் நால்வரும் அந்தப் பொதுக் கழிவறை செட்டில் பேரி வைட் பாட்டுக்கு மறுபடி ஆடினார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தொடரைத் தேடுகிறவர்களுக்கு: முதல் இரண்டு சீசனை வரிசை மாறாமல் பாருங்கள். மூன்றாவது சீசனின் தொடக்கத்தில் பரபரப்புக்காகவே வைத்த காட்சிகள் சில உண்டு. பொறுத்துக்கொண்டு பில்லியின் இறுதி வாதம் வரை போய்விடுங்கள். நான்காவதில் லேரி வரும் எபிசோடு ஒன்றையும் விடாதீர்கள். ஐந்தாவது உங்கள் விருப்பம்.